கனகராயன் ஆற்றையும் அதன் நீரையும் பாதுகாக்கக் கோரும் மனு

கௌரவ ஆளுநர் அவர்கள்,
வட மாகாணம்.

ஐயா,

வவுனியா மாவட்டத்தில் தொடங்கி, முல்லைத்தீவு மாவட்டத்தின் ஊடாக வந்து, கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தை நிரப்பி, சுண்டிக்குளம் கடனீரேரியில் சேர்வது கனகராயன் ஆறு. 1902இல் கட்டத் தொடங்கிய இரணைமடுவை நம்பி இன்று 20,000 ஏக்கருக்கு மேல் வயல் இருக்கிறது. அந்தக் குளத்தைக் கவனிக்கும் அளவுக்கு, அதற்கு நீர் தரும் ஆற்றை எவரும் கவனிப்பதில்லை.

எங்கள் ஆறு மாரியில்தான் பெருகி ஓடும். கோடையில் மேலே வறண்டு கிடந்தாலும் மணலுக்குள் தண்ணீர் நிற்கும். ஊற்றுத் தோண்டினால் தெளிந்த நீர் வரும், கரையோரக் கிணறுகளும் வற்றாது. மணல்தான் எங்களுக்குத் தண்ணீரைச் சேமித்தும் வடித்தும் தருகிறது. அதை இரவிரவாக டிப்பர்களில் அள்ளிப் போகிறார்கள். தோண்டிய பள்ளங்களால் கிணற்று நீர் கீழிறங்குகிறது. கரை இடிந்து மருதமரங்கள் வேரோடு சாய்கின்றன. அடுத்த வெள்ளத்தில் அந்த மண் முழுவதும் குளத்துக்குள் போய்ப் படிகிறது. குளத்தில் மண் ஏற ஏறக் கோடை நெற்செய்கையான சிறுபோகத்துக்கு மிஞ்சும் நீர் குறையும்.

வீடு கட்ட மணல் வேண்டும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் மணல் அள்ளும் அனுமதி எந்த இடத்துக்கு, எத்தனை கியூப் மணலுக்கு என்பது ஊருக்குத் தெரிய வேண்டும். அந்த விபரத்தைப் பிரதேச செயலகத்திலும் கமக்காரர் அமைப்பிலும் ஒட்டச் செய்யுங்கள். ஆற்றங்கரையோரமாக விட்டுவைக்க வேண்டிய ஒதுக்குப்பகுதியை அளந்து எல்லைக்கல் நாட்டும்வரை புதிய அனுமதி எதுவும் வழங்கப்படக் கூடாது.

களைநாசினி அடித்த தாங்கிகளை ஆற்றிலேயே கழுவுவதும் நடக்கிறது. இது எங்கள் கமக்காரரிடமே பேசித் திருத்த வேண்டிய விடயம். கமநல சேவை நிலையங்கள் துணை நின்றால் செய்வோம். இரணைமடுவுக்குள் நீர் நுழையும் இடத்தில் மாரி நெற்செய்கையான காலபோகத்துக்கு முன்னும் பின்னும் நீரைப் பரிசோதித்து, முடிவைத் தமிழில் வெளியிட வேண்டும்.

முறையிடப் போனால், அது அடுத்த மாவட்டத்து எல்லை என்ற பதில்தான் கிடைக்கிறது. மூன்று மாவட்டங்களையும் ஒன்றாக அழைக்கும் அதிகாரம் தங்களிடம் உண்டு. மூன்று அரசாங்க அதிபர்கள், நீர்ப்பாசனத் திணைக்களம், மத்திய சுற்றாடல் அதிகாரசபை, புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம், பொலிஸார், கமக்காரர் பிரதிநிதிகள் ஆகியோரைக் கொண்ட ஒரே குழுவை, வரும் மாரிக்கு முன் அமைத்துத் தருமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
கனகராயன் ஆற்றங்கரைக் கமக்காரரும் கிராம மக்களும்