நான் ‘பாறை’ என்று எழுதிய இடம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை வந்தால் ஏற்காட்டில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று ஒரு பட்டியல் போடுவீர்கள். ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி, சேர்வராயன் கோயில். இந்த வருஷமும் வந்தது. அதில் குறை ஒன்றும் இல்லை. பட்டியலில் இல்லாத ஓர் இடத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியும் போய்வந்தோம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

காலை முதல் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏற்காட்டில் டீ குடித்துவிட்டு, வேறு பஸ் மாறி ஒரு மலைக் கிராமத்தில் இறங்கினோம். ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் விடுகிறேன். அங்கிருந்து ஒற்றையடிப் பாதை. மனைவிக்கு மூட்டு வலி என்பதால் இரண்டு கிலோமீட்டரை இரண்டு மணி நேரம் நடந்தோம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, கீழே காப்பி. முந்தின வாரம் பெய்த மழைக்குக் காப்பிச் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. “மல்லி மாதிரியே மணக்குது, இதைத் தலையில வைக்கக் கூடாதா?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

தோட்டம் முடிந்து மேடு ஏறினால் கற்திட்டைகள். மூன்று பக்கம் பலகைக் கல் நிறுத்தி, மேலே ஒரு மூடுகல். சிலவற்றில் முன்பக்கமும் ஒரு கல், அதில் வட்டமாக ஒரு துளை. பெரிய மூடுகல்லை என் கையாலேயே அளந்தேன், பதினோரு முழம் சுற்றளவு. இரும்புக் காலத்து ஈமச் சின்னங்கள் இவை. இரண்டாயிரம் வருஷத்துக்கும் முந்தியவை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், “குள்ளருங்க வீடு சார், மழையில நாங்களும் உள்ள ஒதுங்குவோம்” என்றார். பக்கத்து மரத்தடியில் வழவழப்பான சின்னக் கற்கள் வரிசையாக, திருநீறு பூசி. பிள்ளையாராம். கையில் எடுத்துப் பார்க்கத் தோன்றியது, எடுக்கவில்லை. புதிய கற்காலத்துக் கற்கோடாரிகள் இந்த மலையில் இப்படிச் சாமியாக இருப்பது தெரிந்த சங்கதிதான். பல்லாவரத்தில் 1863இல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில்தான் குடியிருந்தார், சேர்வராயன் மலையிலும் இப்படிக் கற்கோடாரிகளைச் சேகரித்தார். அவர் நினைவிடமும் இங்கே ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. வருகிற கூட்டத்தில் எத்தனை பேர் எட்டிப் பார்க்கிறார்கள்?

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் ஓய்வுபெற்ற சர்வேயர். நிலக் கணக்குகளைப் புதுப்பித்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்த காலத்தில், 1984இல், இதே மேட்டுக்குச் சங்கிலியோடு வந்திருக்கிறேன். வேலையில் சேர்ந்த புதிது. அந்த மூடுகல் மேல் உட்கார்ந்துதான் கட்டுச்சோறு சாப்பிட்டேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, அந்த இடத்தைப் ‘பாறை’ என்று எழுதிக்கொண்டு இறங்கிவிட்டேன். யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை. இறந்தவரைப் புதைத்து மேலே கல் குவித்த இடத்துக்குப் புறநானூற்றிலேயே பதுக்கை என்று ஒரு சொல் இருப்பதை அதற்கப்புறம் பல வருஷம் கழித்து ஒரு தமிழாசிரியர் நண்பர் சொல்லித்தான் அறிந்தேன்.

அன்று பத்துக்கு மேல் இருந்ததாக ஞாபகம். இந்த ஞாயிறு எண்ணினேன், முழுசாக நிற்பது ஆறு. இரண்டைப் புதையல் ஆசையில் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், கடப்பாரைத் தடம் இன்னும் வெளுப்பாக இருக்கிறது. ஒரு மூடுகல் எடுபட்டு, கீழே ஒரு தங்கும் விடுதி வாசலில் பெஞ்சாகக் கிடக்கிறது. ஊர்ப் பெயரை ஏன் விட்டேன் என்று இப்போது புரிந்திருக்கும். இதில் ஒரு வேடிக்கை. நாங்கள் நட்ட சர்வே கல்லும் இதே மலைக்கல்தான். நாற்பது வருஷத்தில் பாதியைக் காணோம். இரும்புக் காலத்தார் நட்டதில் பாதியாவது நிற்கிறது.

தொன்மைச் சின்னங்களுக்கு 1966ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று உண்டு. ஆனால் அரசு அறிவித்த சின்னத்துக்குத்தான் அது காவல். அறிவிப்பு வருகிறபோது வரட்டும். அதற்கு முன்னால் செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. ஊர் நிலங்களின் கணக்கான கிராம ‘அ’ பதிவேட்டில் குறிப்புக் கலம் என்று ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். அதில் ‘கற்திட்டைகள் உள்ளன’ என்று ஒரு வரி எழுதட்டும், புல வரைபடத்திலும் இடத்தைக் குறிக்கட்டும். கணக்கில் பாறை என்றிருக்கும் வரை, கல் உடைக்க யாராவது மனுப் போட்டால் மேசையில் இருப்பவருக்கு அது வெறும் பாறைதான். நானும் அந்த மேசையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். கம்பி வேலி, டிக்கெட் கவுண்டர், செல்ஃபி மேடை எதுவும் வேண்டாம். அந்த ஆடு மேய்க்கும் பெரியவர் வீட்டிலிருந்தே ஒருவருக்குக் காவல் சம்பளம் கொடுத்தால் போதும். சாமியாகக் கும்பிடுகிறவர்கள் ஒரு கல்லைக்கூட நகர்த்தவில்லை.

வருவாய்த் துறையிலோ தொல்லியல் துறையிலோ யாராவது இதைப் படித்து, இடத்தைக் காட்டு என்று கூப்பிட்டால் எந்த நாளும் வருகிறேன். ஞாயிறு என்றால் மனைவியும் வருவாள், மெதுவாக நடக்கச் சம்மதம் என்றால்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவையர்,
அஸ்தம்பட்டி, சேலம்.