பூலியாவில் ஒரு நிதானமான தேனிலவு: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி செந்திலுக்கு,

நீ அனுப்பியிருந்த டூர் பேக்கேஜின் விவரங்களை முழுவதும் படித்தேன். பத்து நாள்களில் பாரிஸ், சுவிட்சர்லாந்து, வெனிஸ், ரோம், கடைசியாகக் கிரேக்கத் தீவான சான்டோரினி என்று ஊர்ப் பெயர்களை அடுக்கியிருக்கிறார்கள். ஆவணி முகூர்த்தம் முடிந்து, மறுவீடு, விருந்து என்று இருவரும் களைத்துப் போயிருக்கும் நேரத்தில், தினமும் விடியற்காலையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு பேருந்துக்கு ஓடுவதைத் தேனிலவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த அவசரத்திற்குத்தான் அவர்கள் அவ்வளவு பணமும் கேட்கிறார்கள். ஐரோப்பாவில் செலவை ஏற்றுவது பெரும்பாலும் ஊர்விட்டு ஊர் போவதுதான்; ஒரே பகுதியில், இரண்டே இடங்களில் தங்கினால், நிம்மதியும் கிடைக்கும், கையிலும் நாலு காசு மிஞ்சும்.

அப்படித் தங்குவதற்கு நான் சொல்லும் இடம், வரைபடத்தில் பூட்ஸ் போலத் தெரியும் இத்தாலியின் குதிகாலில் இருக்கும் பூலியா. சான்டோரினியின் எரிமலை விளிம்பிலும் அமால்ஃபி கடற்கரையிலும் கடலைப் பார்த்த அறை என்றால் வாடகை எங்கோ போய்விடும்; செப்டம்பரில்கூட அங்கே கூட்டம் குறைவதில்லை. பூலியாவிலும் பயணிகள் உண்டு என்றாலும், இத்தாலியர்களே விடுமுறைக்கு வரும் பகுதி என்பதால், அவர்களின் பெரிய கோடை விடுமுறை நாளான ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய வாரங்கள் கழிந்ததும் ஊர் மூச்சு விட்டுக்கொள்ளும், அறை வாடகையும் இறங்கும். நீங்கள் போகவிருக்கும் செப்டம்பர் பிற்பகுதி இதற்கு மிகவும் பொருத்தமானது. கோடை முழுவதும் வெயில் வாங்கிய கடல் அப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். மே மாதத்தில் போகிறவர்கள் பூக்களைப் பார்க்கலாம், ஆனால் தண்ணீரில் கால் வைத்ததும் நடுங்குவார்கள்.

சென்னையிலிருந்து வளைகுடா வழியாக ரோமுக்கே போகவர டிக்கெட் எடுத்துவிடு. ரோம் டெர்மினி நிலையத்திலிருந்து பூலியாவின் தலைநகரான பாரிக்கு விரைவு ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். இந்த விரைவு ரயில்களுக்கு மட்டும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். சீக்கிரம் எடுத்தால் கட்டணம் குறைவு, கடைசி நேரத்தில் எடுத்தால் பல மடங்கு ஆகும். பாரிக்குத் தெற்கே கடலோரமாகப் போகும் வட்டார ரயில்களுக்கு அந்தக் கவலையே இல்லை. தூரத்தைப் பொறுத்த நிலையான கட்டணம், என்றைக்கு எடுத்தாலும் ஒரே விலை. பாரியிலிருந்து, நீங்கள் தங்கப்போகும் கடலோர ஊரான மொனோபொலிக்கு ஐந்து யூரோ கூட ஆகாது. காகிதப் பயணச்சீட்டு வாங்கினால் நடைமேடையில் இருக்கும் இயந்திரத்தில் முத்திரை குத்திவிட்டு ஏற வேண்டும், கைபேசியில் வாங்கினால் ஏறுமுன் செக்-இன் செய்ய வேண்டும். இதை மறந்தவர்களிடம் பரிசோதகர் தயவு தாட்சண்யம் பார்ப்பதில்லை.

கார் எடுப்பதைப் பற்றிக் கேட்டிருந்தாய். வேண்டாம் என்பது என் கருத்து. நம்மூர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். பழைய நகரப் பகுதிகளுக்குள் வெளி வண்டிகள் நுழையத் தடை உண்டு, கேமரா படம் பிடித்தால் அபராதம் மாதங்கள் கழித்து வாடகை நிறுவனத்தின் வழியாக உன் கடன் அட்டையைத் தேடி வரும். இடதுபக்கம் ஓட்டிப் பழகிய கை, புதுமனைவி பக்கத்தில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, வலதுபக்கத்தில் தடுமாறுவதையும் எண்ணிப் பார்.

முதல் ஐந்து இரவுகளை மொனோபொலியில் வைத்துக்கொள். பக்கத்து ஊரான பொலிஞானோவின் பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள்; செங்குத்தான பாறைகளுக்கு நடுவே ஒதுங்கிய அதன் சிறு கடற்கரை படங்களில் புகழ்பெற்றது. ஆனால் பகல் முழுவதும் அங்கே நிற்க இடமிருக்காது. மொனோபொலியில் தங்கிக்கொண்டு, ஒரு காலையில் சில நிமிட ரயில் பயணத்தில் அதைப் பார்த்துவிட்டுத் திரும்புவதே புத்திசாலித்தனம். மொனோபொலி பயணிகளை மட்டும் நம்பாமல் தன் பிழைப்பைப் பார்க்கும் ஊர். பழைய துறைமுகத்தில் நீல வண்ணம் பூசிய மரப்படகுகள் கட்டிக்கிடக்கும், மதில் சுவரை ஒட்டியே குளிக்கத்தக்க சின்னஞ்சிறு மணற்கரை உண்டு. இத்தாலியக் கடற்கரைகளில் குடையும் சாய்வு நாற்காலியும் வாடகைக்கு விடும் பகுதி தனி, யார் வேண்டுமானாலும் துண்டு விரிக்கும் இலவசப் பகுதி தனி. இரண்டாவதைத் தேடிப் போனால் ஒரு நாளைக்கு ஒரு நல்ல இரவுச் சாப்பாட்டின் செலவு மிச்சம்.

சமையலறையுள்ள சிறு வீடாகப் பார்த்து எடு. நித்யா சைவம் என்பதால் சாப்பாட்டைப் பற்றித்தான் அத்தை அதிகம் கவலைப்படுகிறார் என்று தெரியும். பூலியாவின் பழைய சமையல் ஏழைக் குடியானவர்களின் சமையல்; இறைச்சி விலையான பொருளாக இருந்ததால், பயறும் கீரையும் ஆலிவ் எண்ணெயுமே அதில் முதலிடம் பெற்றன. காய்ந்த ஃபாவா பயற்றைக் குழைய வேகவைத்து மசித்து, கசப்பான சிக்கோரியா கீரையை வதக்கிப் பக்கத்தில் வைத்து, மேலே பச்சை ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருவார்கள். பாரியின் ஃபொக்காச்சா ரொட்டியில் தக்காளியும் ஆலிவும் பதித்திருக்கும். பேக்கரியில் சுடச்சுட வாங்கினால் இருவருக்கும் மதியச் சாப்பாடு அதுவே. புர்ராத்தா பாலாடைக்கட்டி பிறந்த ஊர் அந்திரியாவும் இங்கேதான் இருக்கிறது. ஒரேயொரு எச்சரிக்கை: ஒரெக்கியெத்தே பாஸ்தாவைக் கீரையோடு பரிமாறும்போது, எண்ணெயில் நெத்திலியைக் கரைத்திருப்பது வழக்கம், கண்ணுக்குத் தெரியாது. 'சென்சா அச்சூகே' என்று சொன்னால் நெத்திலி இல்லாமல் செய்வார்கள்.

அந்தப் பாஸ்தாவைக் கையால் செய்வதைப் பார்க்க, பாரியின் பழைய நகரத்தில் கோட்டைக்கு எதிரே இருக்கும் ஆர்க்கோ பாஸ்ஸோ சந்துக்குக் கட்டாயம் போங்கள். வீட்டு வாசலிலேயே மேசை போட்டுப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ரவை மாவைக் கயிறாகத் திரித்து, சுண்டுவிரல் நகமளவு துண்டுகளாக நறுக்கி, மழுங்கிய கத்தியால் ஒவ்வொன்றையும் பலகையில் இழுத்து, சுருண்டு வருவதைக் கட்டைவிரலில் கவிழ்த்து எறிவார்கள். பேச்சு ஒரு பக்கம் நடக்கும், கை தன்பாட்டில் ஓடும். வலைத்தட்டுகளில் காயும் பாஸ்தாவைப் பொட்டலமாகவும் விற்பார்கள். அங்கிருந்து நடந்தால் புனித நிக்கோலா பேராலயம். 1087-இல், இன்றைய துருக்கியில் உள்ள மீரா என்ற ஊரிலிருந்து பாரி மாலுமிகள் கொண்டுவந்த புனிதரின் எலும்புகள் நிலவறையில் இருக்கின்றன. அவரை வணங்க ருஷ்யத் திருச்சபையினரும் வருகிறார்கள்.

அல்பெரோபெல்லோவின் கூம்புக்கூரை வீடுகளைப் பார்க்காமல் வந்தால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால் ஒரு மாலையை அதற்கு ஒதுக்கு. சாந்தே இல்லாமல் சுண்ணாம்புக்கல்லை அடுக்கிக் கட்டியவை. வரி கேட்டு அதிகாரிகள் வரும்போது சட்டென்று பிரித்துப்போடவே அப்படிக் கட்டினார்கள் என்று சொல்வார்கள். 1996 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. பகலில் கடைத்தெரு, சுற்றுலாப் பேருந்துகள் திரும்பிய பிறகுதான் அது ஊராகத் தெரியும். அங்கே செல்லும் வட்டார ரயில் பாதையில் ஞாயிறன்று சேவை மிகக் குறைவு, சில நேரம் ரயிலுக்குப் பதில் பேருந்து ஓடும். வார நாளில் போ, திரும்பும் நேரத்தையும் பார்த்து வைத்துக்கொள்.

அடுத்த நான்கு இரவுகளுக்குத் தெற்கே இருக்கும் லெச்சே நகரம். மொனோபொலியிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத்திற்குள் சேரலாம். இங்கே கடல் இல்லை, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. அதனாலேயே வாடகை இன்னும் குறைவு. அந்த ஊர்க் கல் மெழுகுபோல் வெட்டுவதற்கு இணங்கும் மென்மையான மஞ்சள் சுண்ணாம்புக்கல் என்பதால், 1549-இல் தொடங்கி 1695-இல் முடிந்த சாந்தா குரோச்சே ஆலயத்தின் முகப்பில் ஓர் அங்குலத்தைக்கூடச் சிற்பிகள் வெறுமையாக விடவில்லை. மதியம் ஒன்றிலிருந்து நான்கு, ஐந்து மணி வரை கடைகளும் பல ஆலயங்களும் சாத்தியிருக்கும். அதோடு சண்டை போடாமல் நீங்களும் தூங்குங்கள். எட்டு மணிக்கு மேல்தான் அங்கே இரவுச் சாப்பாடே தொடங்கும். பாதாம் பால் ஊற்றிப் பனிக்கட்டியில் தரும் லெச்சே காப்பியை நின்றுகொண்டே குடித்தால் விலை குறைவு, சதுக்கத்தில் உட்கார்ந்தால் கூடும். உணவகங்களில் தலைக்கு இரண்டு மூன்று யூரோ 'கொப்பெர்த்தோ' (மேசைக் கட்டணம்) என்று ரசீதில் சேர்ப்பது முறையான வழக்கம்தான், ஏமாற்று அல்ல. டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை. தங்குமிடத்திலும் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு நகராட்சி வரி கேட்பார்கள்.

லெச்சேயிலிருந்து ஒரு நாள் ஒத்ராந்தோ என்ற கடலோர ஊருக்குப் போய்வாருங்கள். வழிநெடுக ஆலிவ் மரங்கள் சாம்பல் நிறத்தில் பட்டுப்போய் நிற்பதைப் பார்த்துத் திகைக்காதே. 2013-இல் இங்கே கண்டறியப்பட்ட சைலெல்லா என்ற பாக்டீரியா செய்த வேலை அது. ஒத்ராந்தோ பேராலயத்தின் தரை முழுவதும் 1163 முதல் 1165 வரை பதித்த மொசைக் ஓவியம். நடுவே ஓங்கி நிற்கும் உயிர்மரத்தை இரண்டு யானைகள் முதுகில் தாங்குகின்றன. யானையைக் கண்ணால் பார்த்திராத கைகள் செய்தவையாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, நீங்கள் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கடைசி இரவு ரோமில், டெர்மினி நிலையத்திற்கு நடந்து போகும் தூரத்தில் இருந்தால் போதும்.

இனி விசா. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; அதிக நாள் தங்குவது இத்தாலி என்பதால் இத்தாலிக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் கட்டாயம். கோடையில் அந்த மையத்தில் விண்ணப்பம் கொடுக்கத் தேதி கிடைப்பது கடினம், ஆதலால் திருமணம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இப்போதுள்ள பாஸ்போர்ட்டுகளிலேயே ஜூன் மாதம் விண்ணப்பித்துவிடுங்கள். நித்யா பெயர் மாற்றுவதாக இருந்தாலும் திரும்பி வந்த பிறகு மாற்றட்டும், இல்லையென்றால் விசா, டிக்கெட் எல்லாவற்றிலும் பெயர் முரண்படும். அறைகளை ரத்து செய்யக்கூடிய வகையிலேயே பதிவு செய். திருமண அழைப்பிதழ் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை எடுத்து வை, விசா விண்ணப்பத்தின் முகப்புக் கடிதத்தோடு இணைக்கலாம். அந்தக் கடிதத்தை மட்டும் நீயே எழுதி எனக்கு அனுப்பு, அனுப்புமுன் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா