முதல் திறன்பேசி: மாணவர் பக்கத்துக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் அண்மையில் வெளியான பொது அறிவுக் குறிப்பொன்றில், உலகின் முதலாவது திறன்பேசி 2007ஆம் ஆண்டு அப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐபோன் என்று அச்சாகியிருந்தது. அந்தக் குறிப்பை வைத்தே ஒரு பாடசாலையில் வினாத்தாள் தயாரித்திருக்கிறார்கள். 1994 என்று எழுதிய என் பேரனுக்குப் புள்ளி கிடைக்கவில்லை. அந்த ஆண்டை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான் என்பதால், அதற்கு விளக்கம் சொல்ல வேண்டிய கடமையும் எனக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

நான் வானொலி திருத்துபவனாக வாழ்நாளைக் கழித்தவன். நான் குறிப்பிடும் கருவியின் பெயர் சைமன். அதை உருவாக்கியது ஐ.பி.எம். நிறுவனம். 1981இல் அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற தனிநபர் கணினி உருவான அதே போக்கா ரட்டனில், புளோரிடா மாநிலத்தில், பிராங் கனோவா என்ற பொறியியலாளர், கைத்தொலைபேசியையும் சிறு கணினியையும் ஒரே உறைக்குள் அடக்கிவிடலாம் என்று எண்ணி அதற்கான மாதிரியைச் செய்யத் தொடங்கினார். 1992 நவம்பரில் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த கொம்டெக்ஸ் கணினிக் கண்காட்சியில் அந்த மாதிரி முதன்முறையாக மக்கள் பார்வைக்கு வந்தது. அது விற்பனைக்குரிய பொருளே அல்ல. இப்படியும் செய்யலாம் என்று காட்டுவதற்காகக் கொண்டுவரப்பட்டது. ஆயினும் கூட்டம் சூழ்ந்துகொண்டது, யு.எஸ்.ஏ. டுடே நாளேடு அதைக் கையில் பிடித்தபடி நிற்கும் கனோவாவின் படத்தைத் தன் வணிகப் பகுதியின் முகப்பில் வெளியிட்டது.

இந்த வரவேற்பைக் கண்டுதான் பெல்சவுத் என்ற தொலைபேசி நிறுவனம் அதை விற்க முன்வந்தது. உற்பத்தியை ஜப்பானின் மிட்சுபிசி மின்னியல் நிறுவனம் ஏற்றது. 1993 நவம்பரில் பெயரோடு அறிவிக்கப்பட்ட சைமன், மென்பொருளில் இருந்த வழுக்களால் தாமதமாகி, 1994 ஓகஸ்ட் 16ஆம் திகதியே கடைக்கு வந்தது.

இந்தத் திகதி நம்மவர்களுக்கும் புதியதல்ல. இலங்கையில் நாடாளுமன்றத் தேர்தல் நடந்த நாள் அது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெரும்பகுதியில் வாக்களிப்பு என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லையாயினும், தெற்கிலே ஆட்சி மாறினால் போரினால் எங்கள் பகுதிக்கு அரசு விதித்திருந்த பொருளாதாரத் தடை தளருமா என்ற ஏக்கத்தில் நாங்கள் முடிவுகளைக் கேட்கக் காத்திருந்தோம். தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் உலர் மின்கலங்களும் இருந்தன. 1990 முதல் மின்சாரம் இல்லை. ஆகவே, சைக்கிளைத் தாங்கியில் நிறுத்தி, பின்சக்கரத்தை ஒருவர் மிதித்துச் சுழற்ற, டைனமோவில் வரும் மின்னோட்டத்தை ஒரு டயோட்டாலும் ஒரு கொண்டென்சராலும் நேராக்கி வானொலிக்குக் கொடுப்போம். மிதிப்பவர் களைத்தால் செய்தியும் களைத்துவிடும். பக்கத்தில் ஜாம் போத்தலில் செய்த சிக்கன விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அமெரிக்கர் ஒருவர் அதே நாளில் கையடக்கத் திரையைத் தொட்டுத் தொலைநகல் அனுப்பத் தொடங்கியிருந்தார் என்பதை நான் அறிந்தது இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே. இலண்டனில் இருக்கும் மகளிடம் போயிருந்தபோது, அங்குள்ள அறிவியல் அருங்காட்சியகத்தில், 2014 ஒக்டோபரில் திறக்கப்பட்ட தகவல் யுகக் காட்சிக்கூடத்தில் அந்தக் கருவியைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தேன். மகள் அடுத்த கூடத்துக்கு அழைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அவ்விடத்தை விட்டு நகர மனம் வரவில்லை.

சைமன் என்ன செய்தது என்பதை மாணவர்கள் அறிவது நல்லது. அதன் முகப்பில் எண் பொத்தான்களே இல்லை. ஏறத்தாழ நாலரை அங்குல நீளமும் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த அகலமும் கொண்ட கறுப்பு வெள்ளைத் தொடுதிரையே அதன் முகம். விரலாலோ சிறு எழுத்தாணியாலோ தொட்டு அழைப்பு எடுக்கலாம். மின்னஞ்சலும் தொலைநகலும் அனுப்பலாம், பெறலாம். முகவரிப் புத்தகம், நாட்காட்டி, கணிப்பான், உலகக் கடிகாரம், குறிப்பேடு எல்லாம் உள்ளே இருந்தன. அடுத்து எந்த எழுத்து வரக்கூடும் என்று ஊகித்துக் காட்டும் விசைப்பலகையும் இருந்தது. இன்று தமிழில் தட்டச்சிடும்போது நமக்குச் சொல் எடுத்துக் கொடுக்கும் வசதிக்கு அதைப் பாட்டன் என்றே சொல்லலாம். இத்தனைக்கும் அதன் நினைவகம் 1 மெகாபைட், சேமிப்பகம் இன்னொரு 1 மெகாபைட். இன்று நாம் எடுக்கும் ஒற்றைப் புகைப்படத்துக்கே அந்த இடம் போதாது.

குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. எடை 510 கிராம். அரைக் கிலோ சீனிச் சரையைக் காதோடு அணைத்துக்கொண்டு பேசுவதற்கு ஒப்பானது. விலை, இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தோடு 899 டொலர், ஒப்பந்தம் இன்றி 1,099 டொலர். அக்காலத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 49 ரூபா என்பதால், குறைந்த விலையே நம் கணக்கில் 44,000 ரூபாவுக்குச் சற்று மேல். பெல்சவுத் இணைப்பு எட்டிய 15 மாநிலங்களுக்குள்ளேயே அது இயங்கிற்று. பிறர் எழுதிய மென்பொருளை ஏற்கும் வசதி இருந்தும் அப்படி விற்பனைக்கு வந்த செயலி ஒன்றே ஒன்று. அந்தச் செயலியோடு சேர்ந்து இயங்கும் தலைமைக் கணினியில் நிறுவ வேண்டிய பகுதிக்கு மட்டும் 2,999 டொலர், அதாவது கருவியின் விலையைப் போல மூன்று மடங்குக்கு மேல்.

ஆயினும் என் தொழில் அனுபவத்தில், சைமனை வீழ்த்தியதில் முதலிடம் மின்கலத்துக்கே. அதில் இருந்தது நிக்கல் கட்மியம் மின்கலம். தொடர்ந்து பேசினால் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அவ்வகை மின்கலம் எடைக்கு ஏற்ற ஆற்றலைத் தருவதில்லை. அன்றைய அனலொக் இணைப்போ பேசும் நேரம் முழுவதும் அலைபரப்பியை ஓய்வின்றி இயக்கச் செய்து மின்னை உறிஞ்சியது. அதன் மேல் ஒரு கணினியையும் திரையையும் ஏற்றினால் மின்கலம் எப்படித் தாங்கும்? வெயிலில் காயவைத்த பழைய பற்றரியில் இன்னும் பத்து நிமிடச் செய்தியைக் கறந்துவிட முடியுமா என்று பார்த்த எங்களுக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்கத் தேவையில்லை. எழுதுவோர் பலர் சைமனைப் பற்றிச் சொல்லும்போது ‘காலத்தை முந்திப் பிறந்த கருவி’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வரியில் உடன்பாடில்லை. கருவியின் எண்ணம் சரியான காலத்திலேயே பிறந்தது. அதற்குச் சோறு போடும் மின்கலமும், நடமாட வழிவிடும் வலையமைப்பும் தான் பிந்தின.

ஐ.பி.எம். நிறுவனத்தின் நிலையும் அப்போது நன்றாக இருக்கவில்லை. 1993இல் மட்டும் 800 கோடி டொலர் அளவில் நட்டம் கண்டு, ஆட்குறைப்புச் செய்துகொண்டிருந்த ஒரு நிறுவனம், புதிய சந்தை ஒன்று பழுக்கும் வரை பொறுத்திருக்கும் என்று எதிர்பார்ப்பது கடினம். விலை பின்னர் 599 டொலர் வரை இறக்கப்பட்டது. சுமார் ஆறு மாதங்களில் ஏறத்தாழ 50,000 கருவிகள் விற்ற பின், 1995 பெப்ரவரியில் விற்பனை நின்றுபோனது. அடுத்த ஆண்டே 88 கிராம் எடையில் மோட்டொரோலாவின் மடக்குத் தொலைபேசி வந்தது. சட்டைப் பைக்குள் அடங்கும் பொருளையே மக்கள் விரும்பினார்கள் என்பது அதில் தெரிந்தது. அதே 1996இல், தொலைபேசியும் சிறு கணினியும் ஒன்றான நொக்கியாவின் 9000 கொமியூனிகேட்டரும் வந்தது. கனோவா பின்னாளில் கைக்கணினிகளுக்குப் பேர்போன பாம் நிறுவனத்தில் பணியாற்றினார்.

ஐபோனின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. எழுத்தாணி இல்லாமல் பல விரல்களால் இயக்கும் திரையையும், இணையப் பக்கங்களைக் கணினியில் போலவே காட்டும் உலாவியையும் சாதாரண மக்களின் கைக்குக் கொண்டுவந்தது அதுவே. ஆனால் முதலாவது என்று எழுதுவதற்கு அது போதாது. மேலும், பிறர் எழுதிய செயலிகளை நிறுவும் வசதி முதல் ஐபோன் வெளியானபோது இருக்கவில்லை. அப்பிளின் செயலிக் கடை 2008 யூலையில் தான் திறக்கப்பட்டது. சைமனோ, ஒரே ஒரு செயலிக்கு என்றாலும், 1994இலேயே அந்தக் கதவைத் திறந்து வைத்திருந்தது. சைமன் விற்பனைக்கு வந்தபோது ‘திறன்பேசி’ என்ற பெயர் அதற்கு இருக்கவில்லை, தனிநபர் தொடர்பாடல் கருவி என்றே விளம்பரம் செய்தார்கள் என்று சிலர் மறுப்புச் சொல்லக்கூடும். பெயர் வைக்கும் முன்பும் பிள்ளை பிறந்தது பிறந்தது தானே.

நம் பகுதிக்கும் ஒரு வரி சேர்ப்பது பொருத்தம். தென்னாசியாவிலேயே முதன்முதலாகக் கைத்தொலைபேசிச் சேவை 1989இல் இலங்கையிலே தொடங்கிற்று என்று மாணவர் பக்கங்களில் பெருமையோடு எழுதுகிறோம். யாழ்ப்பாணத்து மக்களின் கையில் அது வந்தது 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னர். அதற்கு முன்பு வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையின் குரலைக் கேட்கக் கொழும்புக்குப் போய்க் கொமியூனிகேசன் கடையில் வரிசையில் நின்றவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். நாட்டின் முதலாம் ஆண்டை எழுதும்போது குடாநாட்டின் முதலாம் ஆண்டையும் பக்கத்தில் எழுதினால் நம் பிள்ளைகளுக்கு இரண்டும் விளங்கும்.

திருத்தம் வெளியிடுவதாயின், 1992 மாதிரி காட்டப்பட்ட ஆண்டு, 1993 அறிவிக்கப்பட்ட ஆண்டு, 1994 விற்பனைக்கு வந்த ஆண்டு என்று மூன்றையும் பிரித்து அச்சிடுமாறு வேண்டுகிறேன். இணையத்தில் இம்மூன்றையும் கலந்து எழுதியிருப்பதைக் கண்டிருக்கிறேன். ஒரு தவறைத் திருத்தப் போய் அடுத்த வினாத்தாளில் 1992 என்று எழுதிய பிள்ளையும் 1993 என்று எழுதிய பிள்ளையும் ஆசிரியரோடு வாதாடும் நிலை வரக்கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வானொலி திருத்துநர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.