மாத்திரை மாற்றும் மாதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ போனில் அனுப்பிய மருந்துச் சீட்டைப் பெரிதாக்கி வரி வரியாகப் படித்தேன். மனச்சோர்வு மருந்தை மாற்றுவதைப் பெங்களூர் டாக்டர் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார். முதல் வாரம் பழைய மருந்தான எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. அப்படியே, கூடவே காலையில் புது மருந்தான வென்லாஃபாக்சின் 37.5. இரண்டாம் வாரம் எஸ்சிட்டலோபிராம் 5. மூன்றாம் வாரம் அந்த 5 இருக்க, வென்லாஃபாக்சின் 75. நான்காம் வாரம் பழையது நின்றுவிடும். ஒன்றை இறக்கிக்கொண்டே இன்னொன்றை ஏற்றுகிற முறை இது. இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் "முதல் ரெண்டு ராத்திரி பரவாயில்லம்மா, அப்புறம் கண்ணே மூடல" என்றாயே, அந்த வார்த்தைதான் என்னை எழுத வைத்தது. பழைய மாத்திரை அட்டை இருந்தால் எடுத்துத் திருப்பிப் பார். மாத்திரைப் பெயருக்குப் பின்னால் 'பிளஸ்' என்று இருக்கும். அதன் கீழே பொடி எழுத்தில் எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி., குளோனசெபாம் 0.5 மி.கி. என்று போட்டிருக்கும். ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து. ஒன்று மனச்சோர்வுக்கு, மற்றது பதற்றத்தைத் தணித்துத் தூங்க வைப்பதற்கு. புது டாக்டரிடம் நீ "எஸ்சிட்டலோபிராம் 10 போடுகிறேன்" என்று மட்டும் சொல்லியிருப்பாய் என்று நினைக்கிறேன். அவரும் வெறும் எஸ்சிட்டலோபிராமையே எழுதிவிட்டார். ஒரு வருஷமாக ராத்திரிதோறும் உடம்புக்குப் போய்க்கொண்டிருந்த குளோனசெபாம், யாரும் நிறுத்தச் சொல்லாமலே நின்றுபோய்விட்டது.

குளோனசெபாம் உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 40 மணி நேரம் ஆகும். அதனால்தான் முதல் இரண்டு இரவு தெரியவில்லை. மூன்றாம் நாளிலிருந்து பக்கத்து வீட்டுக் கதவுச் சத்தத்துக்குக்கூட உடம்பு தூக்கிப் போடும், நெஞ்சு படபடக்கும், தாடை இறுகும், தூக்கம் முன்னைவிட மோசமாகும். மருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே வேகத்தில் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். உன் மனசு உடைந்துபோனதாக எண்ணிக்கொள்ளாதே.

நாளைக் காலையில் முதல் வேலையாக கிளினிக்குக்குப் போன் செய்து, "பழைய மாத்திரையில் குளோனசெபாம் 0.5 இருந்தது, ஒரு வருஷமாகப் போட்டேன், இப்போது திடீரென்று நின்றுவிட்டது" என்று சொல். பெரும்பாலும் குளோனசெபாமைத் தனி மாத்திரையாக எழுதி, இந்த மாற்றம் முடிகிறவரை அதே அளவில் வைத்திருந்து, பிறகு 0.25, அதற்கும் பிறகு இன்னும் குறைவு என்று வாரக்கணக்கில் இறக்குவார்கள். எப்படி என்பதை அவரே முடிவு செய்யட்டும். நீயாகச் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. தூக்கம் வேண்டும் என்று பழைய பிளஸ் மாத்திரையை எடுத்துப் போட்டுவிடாதே. புதுச் சீட்டின் 10, பிளஸ்ஸின் 10 என்று எஸ்சிட்டலோபிராம் இரண்டு மடங்காகிவிடும். மேலே வென்லாஃபாக்சினும் இருக்கிறது. பழைய அட்டைகளைத் தாளில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, மேலே 'போடக்கூடாது' என்று எழுதி வேறு அலமாரியில் வை. அரைத் தூக்கத்தில் கையை விட்டால் இரண்டு அட்டையும் ஒரே மாதிரிதான் தட்டுப்படும்.

இனி முக்கியமான விஷயம். டாக்டரிடம் "தூக்கம் வரல" என்று ஒரே வார்த்தையில் சொல்லாதே. இந்த மாதத்தில் தூக்கம் நாலு விதமாகக் கெடலாம். நாலுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

முதலாவது, மேலே சொன்ன குளோனசெபாம் நின்ற தூக்கம். இரண்டாவது, புது மருந்து உள்ளே வருவதால் கெடுகிற தூக்கம். மூளையில் செய்தி கடத்துகிற பொருள்களில் செரோட்டோனினோடு நார்அட்ரினலினையும் வென்லாஃபாக்சின் தூண்டும். அளவு ஏற ஏற அந்த இரண்டாவது வேலை கூடும். உடம்பு களைத்திருக்கும், மூளை மட்டும் லைட் போட்ட மாதிரி இருக்கும். நடுநடுவே விழிப்பு வரும், கழுத்திலும் முதுகிலும் வியர்க்கும். தொடங்கிய முதல் ஒன்றிரண்டு வாரத்திலும், 37.5-லிருந்து 75-க்கு ஏறும்போது மறுபடியும் வரும். காலையில் இட்லியோ தோசையோ சாப்பிட்ட கையோடு போட்டுவிடு. அது மெதுவாகக் கரைகிற கேப்சூல், உள்ளே இருப்பதை நசுக்கவோ மெல்லவோ கூடாது. வென்லாஃபாக்சின் சுமார் 5 மணி நேரத்திலும், உடம்பு அதை மாற்றி உண்டாக்குகிற பொருள் சுமார் 11 மணி நேரத்திலும் பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே நேரம் தவறினால் இந்த மருந்து சும்மா விடாது. காலை 8 மணிக்குப் போடுவதை மறந்தால் ராத்திரிக்குள் தலை சுற்றும், கண்ணைத் திருப்பும்போது மண்டைக்குள் சுரீர் என்று மின்சாரம் பாய்ந்த மாதிரி இருக்கும். மத்தியானத்துக்குள் ஞாபகம் வந்தால் போட்டுக்கொள். சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது என்றால் அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் காலையில் ஒன்றே ஒன்று போடு. இரண்டாகச் சேர்த்துப் போடாதே.

மூன்றாவது, பழைய மருந்து வெளியே போவதால் கெடுகிற தூக்கம். இது இன்னும் உனக்கு வரவில்லை, 5 மி.கி.க்கு இறங்கிய இரண்டு மூன்று நாளில் வரலாம். எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்துகள் கனவு காணும் தூக்கத்தைக் குறைத்து வைத்திருக்கும். அந்தப் பிடி தளர்ந்ததும் கனவுகள் வெள்ளமாக வரும். செத்துப்போனவர்கள் வருவார்கள், பரீட்சை வரும், ஓடிக்கொண்டே இருப்பாய். தூங்கியிருப்பாய், ஆனால் எழுந்ததும் தூங்காத மாதிரி அலுப்பாக இருக்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும்.

இதில் நிறையப் பேருக்குத் தெரியாத கணக்கு ஒன்று இருக்கிறது. 10-லிருந்து 5-க்கு இறங்குவதும் 5-லிருந்து பூஜ்யத்துக்கு இறங்குவதும் காகிதத்தில் ஒரே அளவுதான். மூளையில் அப்படி இல்லை. சின்ன அளவு மருந்தே, செரோட்டோனினைத் திரும்ப உறிஞ்சுகிற கடத்திகளில் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே 10, 5 ஆகும்போது பிடி கொஞ்சமே தளரும். 5 பூஜ்யமாகும்போது மொத்தமாக விட்டுப்போகும். கடைசிப் படிதான் உயரமான படி. உனக்கு வென்லாஃபாக்சினும் அதே கடத்திகளைப் பிடிக்கும் என்பதால் விழுகிற வேகம் குறையும். அப்படியும் அந்த வாரம் தாங்கவில்லை என்றால், 5-லேயே இன்னும் ஒரு வாரம் இருக்கலாமா, அல்லது அதில் பாதியாக 2.5 ஒரு வாரம் போடலாமா என்று டாக்டரைக் கேள். தயங்காதே. அவசரப்பட்டு இறங்கினால் பரிசு கொடுக்கப் போவதில்லை யாரும்.

நாலாவதுதான் எனக்குக் கவலை. அது மருந்தால் வருவதல்ல, நோயால் வருவது. படுத்ததும் தூங்கிவிடுவாய், விடிகாலை 3 மணி, 4 மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் ஒட்டாது. அந்த நேரத்தில் பழையதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். காலையில் பாரம் அதிகமாக இருந்து, சாயங்காலம் கொஞ்சம் லேசாகும். மருந்துக் குறைவால் வருவது மாற்றிய சில நாளிலேயே, தலைசுற்றலும் மின்சார உணர்வும் கூட்டிக்கொண்டு வரும். நோய் திரும்பினால் அந்தத் துணை இல்லாமல், வாரக்கணக்கில் ஓசைப்படாமல் ஏறும். இரண்டையும் பிரித்துப் பார்க்க உன் ஞாபகத்தை நம்ப முடியாது. தூங்காத மூளை கணக்கை மாற்றிச் சொல்லும்.

அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். காலையில் பல் விளக்கியதும் எழுது: எத்தனை மணிக்குப் படுத்தாய், தூங்க ஏறக்குறைய எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை தடவை விழித்தாய், எத்தனை மணிக்கு எழுந்தாய், என்ன மருந்து எத்தனை மணிக்குப் போட்டாய், கடைசிக் காபி எப்போது. ராத்திரி மணி பார்க்காதே, குத்துமதிப்பு போதும். கனவு நிறைய என்றால் ஓரத்தில் 'க' என்று போடு, வியர்த்தால் 'வி'. இந்த ஒரு பக்கத்தை நீட்டினால் டாக்டர் எந்த மருந்தைத் தொடவேண்டும் என்று இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

படுக்கை விஷயம். 10 மணிக்கே போய்ப் படுத்து 7 மணி வரை புரண்டுகொண்டிருப்பதாகச் சொன்னாய். ஒன்பது மணி நேரம் படுத்து ஐந்து மணி நேரம் தூங்கினால், படுக்கை என்பது விழித்திருக்கிற இடம் என்று உடம்பு படித்துக்கொள்ளும். பதினொன்றரைக்குப் படு, 6 மணிக்கு எழுந்துவிடு, ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. ஒரு வாரம் போய், படுத்த நேரத்தில் நூற்றுக்கு 85 பங்கு தூங்குகிறாய் என்று நோட்டு சொன்னால், 15 நிமிஷம் முன்னால் படு. ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே மட்டும் குறைக்காதே. தூக்கம் கெட்ட நாட்களில் ஸ்கூட்டியை எடுக்காதே, மெட்ரோவிலோ ஆட்டோவிலோ போ.

படுத்து இருபது நிமிஷம் ஆன மாதிரி தோன்றினால் எழுந்து வெளியே வா. மஞ்சள் விளக்கு ஒன்று போதும். காய்ந்த துணியை மடி, கருவேப்பிலையை உருவி டப்பாவில் போடு, பட்டாணி உரி. கைக்கு வேலையும் தலைக்கு ஓய்வும் தருகிற எதுவானாலும் சரி. போன் மட்டும் வேண்டாம். கண் சொருகினால் போய்ப் படு. திரும்ப வரவில்லையா, திரும்ப எழு. முதல் மூன்று நாள் இது கொடுமையாக இருக்கும். ஒரு வாரத்தில் பலன் தெரிய ஆரம்பிக்கும்.

காபியை ஒரேயடியாக விடாதே. தலைவலி வந்தால் அதுவும் மருந்தாலா என்று குழம்புவாய். மத்தியானம் 12 மணிக்கு மேல் குடிக்காதே, அது போதும். காபியிலிருக்கும் கஃபீன் பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலம் 5 மணி டம்ளரில் பாதி ராத்திரி 10 மணிக்கும் உள்ளே இருக்கும்.

கைமருந்து ஆசையும் வரும். ஜாதிக்காயைச் சிட்டிகைக்கு மேல் பாலில் போடாதே. ஸ்பூன் கணக்கில் போட்டால் படபடப்பும் குழப்பமும்தான் வரும். அலர்ஜி மாத்திரை போட்டால் தூக்கம் வரும் என்று ரூம்மேட் சொல்வாள். நாலைந்து நாளில் அதன் தூக்கம் பழகிப்போய், மந்தம் மட்டும் மிஞ்சும். குளோனசெபாமோடு மது கூடவே கூடாது, மூச்சை அழுத்தும். இன்னொன்று, சளி பிடித்தால் இருமல் சிரப் பாட்டிலில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் என்று இருக்கிறதா பார், இருந்தால் வாங்காதே. பல்வலி, முதுகுவலி என்று டிராமடால் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல். உன் இரண்டு மருந்தோடு இவை சேர்ந்தால் செரோட்டோனின் அளவு மீறும். கைகால் நடுக்கம், துள்ளல், வயிற்றுப்போக்கு, காய்ச்சல், படபடப்பு எல்லாம் ஒரே நாளில் சேர்ந்து வந்தால் அடுத்த வேளை மருந்தைப் போடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போ.

இதையும் கேள். மூன்று மணி நேரமே தூங்கி, களைப்பே இல்லாமல், பேச்சும் யோசனையும் வேகமெடுத்து, காசு தண்ணீராகச் செலவாகிறதா? சந்தோஷமாகத்தான் இருக்கும். அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடு, மருந்து மனநிலையை மறுபக்கம் தள்ளிவிட்டிருக்கலாம். உட்கார முடியாமல், காலை ஆட்டாமல் இருக்க முடியாமல், உள்ளுக்குள் பிறாண்டுகிற மாதிரி இருந்தால் அதுவும் அன்றைக்கே. படுத்ததும் கெண்டைக்காலில் பூச்சி ஊர்வது போல் இருந்து, நடந்தால் மட்டும் சரியானால், அது அவசரமில்லை. அடுத்த முறை போகும்போது சொல்லி, ரத்தத்தில் ஃபெரிட்டின், அதாவது இரும்புச் சத்தின் இருப்பு, பார்க்கச் சொல்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், பாப்பா, மணி பார்க்காதே. மருந்து மாறும் முதல் வாரங்களில், முக்கியமாக 25 வயதுக்குள் இருப்பவர்களுக்கு, அது திடீரென்று வரக்கூடும் என்பது மருத்துவர்கள் அறிந்த விஷயம். என்னைக் கூப்பிடு. நான் எடுக்கவில்லை என்றால் உடனே 14416-ஐக் கூப்பிடு. அரசின் டெலி மானஸ் எண், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். ரூம்மேட்டை எழுப்பிப் பக்கத்தில் உட்காரச் சொல்.

தொந்தரவு முதலில் வரும், பலன் பின்னால் வரும். வென்லாஃபாக்சின் மனசைத் தூக்கிப் பிடிக்க இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும்; அதற்குள் "இந்த மருந்து எனக்கு ஒத்துவரல" என்று தூக்கிப் போட்டுவிடாதே. ராத்திரி ஆபீஸ் கால்களிலிருந்து இந்த மூன்று வாரம் விலக்குக் கேள். உடம்பு சரியில்லை, மருந்து மாற்றியிருக்கிறார்கள் என்று சொன்னால் போதும், என்ன மருந்து என்று சொல்லத் தேவையில்லை.

வியாழக்கிழமை 5-க்கு இறங்கவேண்டிய நாள். குளோனசெபாம் விஷயம் தீராமல் அன்றைக்கு இறங்கவேண்டுமா, தள்ளிப்போடலாமா என்பதையும் நாளைப் போனிலேயே கேட்டுவிடு. 5 மி.கி. மாத்திரை தனியாகவே கிடைக்கும், இப்போதே ஒரு அட்டை வாங்கி வை. கிடைக்காவிட்டால் 10-ஐக் கோடு மேலே இருக்கும்படி வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் சமமாக அழுத்து. பிய்ந்த பாதியை மறுநாளைக்குச் சின்ன டப்பாவில் மூடி வை. நோட்டின் முதல் பக்கத்தைச் சனிக்கிழமை படம் பிடித்து அனுப்பு.

அம்மா