கல்யானையும் ஜீனோவும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாயக் கதை, அறிவியல் கதை எல்லாம் பள்ளிப் பிள்ளைகளோடு நின்றுவிட வேண்டும், பெரியவர்கள் அவற்றைப் படிப்பது வெறும் பொழுதுபோக்கு என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியும் அந்தக் கதைகளைத் தேடித் தேடிப் படிக்கிறவள் நான். அவர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

சின்ன வயதில் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அப்பத்தா கல்யானைக் கதையைச் சொல்லுவார். சித்தர் பார்வை பட்டதும் கல்யானை கரும்பு தின்றது மதுரையில் எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்து வருவது. தின்று முடித்ததும் பாண்டியன் கழுத்தில் கிடந்த முத்துமாலையையும் அது எட்டிப் பறித்துவிடும்! கல்லுக்கு உயிர் வந்தது அதிசயம்தான். ஆனால் உயிர் வந்தபின் அது யானைக் குணத்தைக் காட்டுகிறதே, அந்த இடத்தில்தான் நான் கதையை நம்பிவிடுவேன். நடக்காத ஒன்றை நடந்ததாக வைத்துக்கொண்டால், அப்புறம் எல்லாம் அதன் போக்கில் சரியாக நடக்க வேண்டும். நல்ல அறிவியல் கதையின் ருசியும் இதுவே.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. மாமா வீட்டுப் பரணில் பைண்டு போட்டு வைத்திருந்த தொடரைத்தான் முதலில் படித்தேன். கதை நடப்பது 2021-22இல். அங்கே பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்கம் அனுமதி தர வேண்டும். ஆட்களுக்கு இரண்டெழுத்தில்தான் பெயர். அன்று எனக்கு ஜீனோ என்ற இயந்திர நாய் பேசும் பேச்சு மட்டும்தான் மனதில் நின்றது.

நிஜமாகவே 2021 வந்தது. மே மாத ஊரடங்கில் திருமங்கலத்து வீட்டில் அதே கதையை மறுபடி எடுத்தேன். பக்கத்திலிருக்கும் விருதுநகர் மாவட்டத்துக்குப் போகவே இ-பதிவு வேண்டியிருந்த நாட்கள். அக்கா மகள் பிள்ளை பெற்றிருந்தாள், போய்ப் பார்க்க முடியவில்லை. இந்த முறை ஜீனோவை விட, காணாமல் போன கணவனைத் தேடி அலையும் நிலாவைத்தான் என் மனம் சுற்றிச் சுற்றி வந்தது. பல இடங்களில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். முப்பது வருடத்துக்கும் முன்னால் எழுதிய கற்பனை, அன்று என் வீட்டு வாசல் வரை வந்து நின்றது.

என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் இதழில் ஓர் அறிவியல் கதையைத் தொடராகப் போடுங்கள். வாராவாரம் காத்திருந்து படிக்கும் சுகம் இந்த வகைக்கு நன்றாகப் பொருந்தும். விண்வெளிக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை, நம் ஊரே போதும். வைகையில் பன்னிரண்டு மாதமும் கரை புரண்டு தண்ணீர் ஓடுவதாக ஒருவர் எழுதட்டும். சித்திரையில் அழகர் எந்த இடத்தில் ஆற்றில் இறங்குவார், அவரைப் பார்க்க வரும் கூட்டம் எங்கே நிற்கும் என்று அவர் யோசித்துச் சொல்லட்டும். முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.