பறிபோனது எது, பறிகொடுத்தது யார்

பாளையங்கோட்டை

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. பிசானத்துக்கு நாற்றுப் பாவியாச்சு என்று படித்ததும் மனசு குளிர்ந்தது. இங்கேயும் ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது, குறுக்குத்துறை மண்டபத்தைத்தான் இன்னும் தொடவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஆங்கிலத் தாளில் 'ஹி ராப்ட் மை செயின்' என்று உன் வகுப்புப் பிள்ளைகள் எழுதுவதை எத்தனை தடவை திருத்தினாலும் போக மாட்டேன் என்கிறது என்றாயே, அது அவர்கள் கவனக்குறைவு இல்லை. தமிழில் பறி, பிடுங்கு, திருடு எதை எடுத்தாலும் போன பொருளுக்குத்தான் 'ஐ' வரும். சங்கிலியைப் பறித்தான், பதவியைப் பறித்தார்கள். பறிகொடுத்தவர் 'இடமிருந்து' என்று ஓரமாக நிற்பார். ஆங்கிலத்தில் ஸ்டீல் (திருடு), சீஸ் (கைப்பற்று), ஸ்நாட்ச் (பிடுங்கு), கான்ஃபிஸ்கேட் (பறிமுதல் செய்) எல்லாம் இந்த வழிதான்: பொருள் முதலில், ஆள் 'ஃப்ரம்' போட்டுப் பின்னால். ஆனால் ராப் (கொள்ளையடி), டிப்ரைவ் (இல்லாமல் செய்), ஸ்ட்ரிப் (உரி), டைவெஸ்ட் (களைந்து நீக்கு) ஆகியவற்றுக்கு இழந்த ஆள்தான் செயப்படுபொருள். போனது எதுவோ அது 'ஆஃப்' பிடித்துக்கொண்டு வரும்: 'ஹி ராப்ட் மீ ஆஃப் மை செயின்'.

செயப்பாட்டு வினையாக மாற்றிப் பார்க்கச் சொல். செயின் 'வாஸ் ஸ்டோலன்', செயினைப் பறிகொடுத்த அம்மா 'வாஸ் ராப்ட்'. 'ஷி வாஸ் ஸ்டோலன்' என்று எழுதினால் ஆளையே தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று ஆகும்.

இது ஏதோ அந்நிய வழக்கம் என்று பிள்ளைகள் மிரளாமலிருக்க, 'உரி' என்ற நம் சொல்லை எடுத்துக்கொள். தோலை உரித்தான் என்கிறோம், பழத்தை உரித்தான் என்றும் சொல்கிறோம். மட்டையை உரித்தாலும் தேங்காயை உரித்தாலும் வேலை ஒன்றுதான். தோலுக்கு 'ஐ' போட்டால் கண் தோல் மேல், பழத்துக்குப் போட்டால் உரிபட்டு நிற்கும் பழத்தின் மேல். அந்த நாலில் ஸ்ட்ரிப் மட்டும் இரண்டு வழியும் போகும், அப்படியே இதன் அண்ணன் தம்பி: மரத்திலிருந்து பட்டையையும் ஸ்ட்ரிப் செய்யலாம், பட்டை போக மரத்தையும் ஸ்ட்ரிப் செய்யலாம். டைவெஸ்ட் என்பதற்குள்ளே உடை என்ற லத்தீன் சொல் இருக்கிறது. ராப் என்பதும் ரோப் என்ற அங்கியும் ஒரே வேரில் வந்தவை. கொள்ளையில் கிடைத்த துணிதான் முதலில் ரோப். உடையை உருவியபின் ஆள் எப்படி நிற்கிறான் என்பதே இந்த வினைகளின் பார்வை. டிப்ரைவ் இன்னும் ஒரு படி மேலே போகும். ஒருபோதும் கையில் இல்லாததற்கும் அது பொருந்தும்: பள்ளிக்கூடமே பார்க்காத பிள்ளை 'டிப்ரைவ்ட் ஆஃப் எஜுகேஷன்'. ஸ்டீல் அங்கே நுழையவே முடியாது.

நம் ஊர் வரலாற்றிலேயே பயிற்சி கொடுக்கலாம். 1801 கிளர்ச்சி அடங்கியபின் பாளையக்காரர்களின் ஆயுதங்களைக் கம்பெனி பறித்தது. ஆயுதம் எழுவாயானால் 'வேர் சீஸ்ட்'. பாளையக்காரர் எழுவாயானால் 'வேர் ஸ்ட்ரிப்ட் ஆஃப்' அல்லது ஒரே சொல்லில் 'டிஸ்ஆர்ம்ட்'.

பதவி என்று வந்தால் ராஜாவைச் செய்வது வேறு, சிம்மாசனத்தைச் செய்வது வேறு. டிபோஸ், டித்ரோன் (பதவியிலிருந்து இறக்குவது) ராஜாவுக்கு. யூசர்ப் (முறையின்றிப் பிடுங்குவது), அப்டிகேட் (தானே துறப்பது) சிம்மாசனத்துக்கு. 1399இல் இங்கிலாந்து ராஜா இரண்டாம் ரிச்சர்டை 'டிபோஸ்' செய்தார்கள். அதே சம்பவத்தை, அவருக்குப் பின் முடிசூடிய நான்காம் ஹென்றியின் எதிரிகள் சொன்னால், அவர் முடியை 'யூசர்ப்' செய்தார். யூசர்ப்பில் குற்றச்சாட்டு ஒட்டிக்கொண்டே வரும். எட்டாம் எட்வர்ட் 1936இல் செய்தது அப்டிகேட், தானே துறந்தது. அவரை யாரோ அப்டிகேட் செய்தார்கள் என்று எழுதினால் தவறு. கோர்ட் செய்தியில் சாட்சி 'டிபோஸ்ட்' என்று வந்தால் யாரும் பதவி இழக்கவில்லை, வாக்குமூலம் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

இம்பீச் என்றாலே பதவி நீக்கம் என்று எழுதிப் பத்திரிகைகளே சறுக்குகின்றன. அமெரிக்காவில் அது குற்றம் சாட்டுவது மட்டும். 1868இல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன், 1998இல் அதிபர் கிளின்டன் இருவரும் இம்பீச் ஆனார்கள், இருவரும் பதவியில் நீடித்தார்கள்.

ரிலீவ் பற்றித் தனியாகச் சொல். இங்கே மாறுதலில் போகிறவர் பொறுப்பை ஒப்படைத்தாலே 'ரிலீவ் ஆகிட்டார்' என்கிறோம். ஒரு தளபதி 'ரிலீவ்ட் ஆஃப் ஹிஸ் கமாண்ட்' என்று செய்தி வந்தால், மரியாதையான வார்த்தையில் நீக்கிவிட்டார்கள் என்று பொருள். அரசு வேலைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு இன்னொன்று: அரசியல் சட்டம் 311ஆம் பிரிவு டிஸ்மிஸ், ரிமூவ் இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறது. மத்திய அரசு விதிப்படி ரிமூவ் ஆனவர் மறுபடி அரசு வேலைக்கு வரத் தடையில்லை. டிஸ்மிஸ் ஆனவருக்குச் சாதாரணமாகக் கதவு அடைத்ததுதான். சஸ்பெண்ட் இந்தக் கூட்டத்திலேயே சேராது, வேலை இன்னும் அவருடையதுதான்.

அடுத்த கடிதத்தில் பிள்ளைகளின் தாளில் 'ராப்' வந்த வாக்கியங்களை மட்டும் திருத்தாமல் அப்படியே எழுதி அனுப்பு. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் நண்பன்