ஆய்வேட்டை ஊருக்குக் கொண்டுபோவது பற்றித் தோழிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து நீ மீண்டும் வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். இங்கு எல்லோரும் நலம். பின்னலாடைத் தொழிலாளப் பெண்களின் உடல்நலம் பற்றி உன் மாணவி எழுதிய ஆய்வேட்டைச் சிறு நூலாக்கப் போவதாகவும், நடையை எளிமையாக்கினால் போதுமா என்றும் கேட்டிருந்தாய். போதாது என்றே நினைக்கிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி கொண்டுவந்த பிறகு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் யாரும் காசு கொடுக்காமல் அவற்றைப் படிக்க முடிகிறது. அது நல்ல காரியம்தான். ஆனால் இரவு வேலை முடித்து வந்து, தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு உன் மாணவியின் கேள்விகளுக்குப் பதில் சொன்ன பெண்ணுக்கு அந்தக் கதவு திறந்திருப்பதே தெரியாது. தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கிலம்.

ராஜஸ்தானில் நடந்த ஒன்றை உனக்கு நினைவூட்ட விரும்புகிறேன். அந்த மாநில அரசு 1984இல் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தையொட்டி, கிராமத்துப் பெண்கள் பயிலரங்குகளில் கூடித் தங்கள் உடலைப் பற்றிப் பேசினார்கள். பேசியவற்றைப் படங்களோடு கையாலேயே ஒரு புத்தகமாகச் செய்தார்கள். அந்த வரைவை ஊர்களுக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது எதிர்ப்பு வந்தது. எங்கள் ஊரில் எந்தப் பெண்ணையாவது இப்படி ஆடையில்லாமல் பார்க்க முடியுமா, இது உண்மையான படமே இல்லை என்றார்கள். வேறொருவராக இருந்தால் அறியாமை என்று ஒதுக்கியிருப்பார், அல்லது அந்தப் படங்களையே எடுத்துவிட்டிருப்பார். புத்தகம் செய்த பெண்களோ உடுத்திய பெண்ணை வரைந்து, பாவாடையைக் காகித மடிப்பாக ஒட்டினார்கள். மடிப்பைத் தூக்கினால் உள்ளே உடலும் அதன் உறுப்புகளும் தெரியும். மானமும் காக்கப்பட்டது, சொல்ல வேண்டிய எந்தத் தகவலும் மறைக்கப்படவும் இல்லை. ‘ஷரீர் கி ஜான்காரி’ (உடலைப் பற்றிய தகவல்) என்ற அந்த நூலை டெல்லியின் காளி ஃபார் விமன் என்ற பெண்ணியப் பதிப்பகம் 1989இல் வெளியிட்டது. அதன் ஆசிரியர்கள் 75 கிராமத்துப் பெண்கள். கிராமத்துப் பெண்களிடம் லாபம் வைத்து விற்கக்கூடாது என்று அவர்கள் போட்ட நிபந்தனையைப் பதிப்பகமும் ஏற்றுக்கொண்டது. எந்த மருத்துவ நிபுணருக்கும் தோன்றியிருக்க முடியாத அந்த மடிப்பை, வாசிக்கப் போகிறவர்களின் மறுப்புதான் உண்டாக்கியது. பெண்ணிய நோக்கில் செய்தியைக் கொண்டுசேர்ப்பது என்று நாம் வகுப்பறையில் சொல்லிக்கொண்டிருந்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் அறியேன்.

சென்ற மாதம் எங்கள் ஊர் மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில், தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பற்றிப் பேசினேன். சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு நாளொன்றுக்குப் பெண்கள் 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுகிறார்கள் என்பது செய்திகளில் பரவலாக வந்த எண். 97 என்றதும், “அது எந்த ஊரு ஆம்பளைங்கம்மா?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தச் சந்தேகம் முற்றிலும் நியாயமானது. வீட்டு வேலையில் அன்று கையே வைக்காதவர்களை விட்டுவிட்டு, செய்தவர்களை மட்டும் கொண்டு போட்ட சராசரி அது; அப்படிச் செய்தவர்கள் ஆண்களில் நூற்றுக்கு 26 பேர், பெண்களில் 81 பேர். எல்லோரையும் சேர்த்து வகுத்தால் ஆண்களுக்கு ஏறத்தாழ 25 நிமிடம்தான் வருகிறது, பெண்களுக்கோ 243. 2024இல் மீண்டும் எடுத்த கணக்கெடுப்பிலும் செய்திகளில் வந்த அந்த எண்கள் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88 என்றுதான் இருந்தன. எந்தச் சராசரி யாருக்குச் சாதகமாக ஒலிக்கிறது என்பதை விளக்காமல் எண்ணை மட்டும் எளிய தமிழில் சொல்லியிருந்தால், அந்தக் கூட்டத்தில் நான் ஆண்களுக்காகவே வாதாடியதாக ஆகியிருக்கும்.

கணக்கெடுப்பு, அதிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணிவரை அரை மணி நேரத் துண்டுகளாகக் கேட்டுக் குறிக்கப்படுகிறது என்று சொன்னேன். பூக்கட்டி விற்கும் ஒரு பெண் எழுந்து, “பிள்ளை தொட்டில்ல தூங்குது, நான் இங்க பூக்கட்டுறேன். ஆனா காது அங்கேயேதானே இருக்கு? காது பாக்குற வேலைய எந்தக் கட்டத்துல போட்டாங்க?” என்று கேட்டார். ஒரே துண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வேலைகளைக் குறிக்கப் படிவத்தில் இடமுண்டு. ஆனால் கை வேறு வேலையில் இருக்க, மனமும் செவியும் காவல் இருக்கிற பராமரிப்பு, கேட்டால்கூட வேலை என்று சொல்லப்படாமலே போய்விடுகிறது. நேரக் கணக்கெடுப்பு அறிஞர்கள் நெடுங்காலமாக விவாதிக்கும் குறை இது. அவர்களுடைய கட்டுரை ஒன்றையும் பார்த்திராத ஒருவர் நேரே அந்த இடத்தில் வந்து நின்றதைக் கண்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

ஆகவே உன் மாணவியிடம், நூலை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பெண்களிடம் உரக்கப் படித்துக்காட்டச் சொல். அவர்கள் மறுக்கிற இடங்களைக் குறித்துக்கொள்ளட்டும். மறுப்பு சரியென்றால் திருத்தட்டும். உடன்பட முடியாவிட்டால் அந்த மறுப்பையும் நூலிலேயே பதியட்டும். இன்னொன்றிலும் அவள் மிகுந்த கவனமாக இருக்க வேண்டும். ஆங்கில ஆய்வேட்டில் பெயரை மாற்றினால் ஆளை மறைத்துவிடலாம். அதே செய்தி தமிழில் அச்சாகி அதே தெருவுக்கு வரும்போது, ‘இரண்டு பெண் பிள்ளைகளோடு தனியாக வாழும் தையல்காரப் பெண்’ என்ற ஒரு வரி போதும், யார் என்று தெருவே சொல்லிவிடும். கருக்கலைப்பு, மேற்பார்வையாளரின் தொல்லை போன்ற செய்திகளில் இது அந்தப் பெண்ணின் வேலையையும் குடும்பத்தையும் பாதிக்கக்கூடிய விஷயம். அன்று கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் ஆய்வுக்குத் தந்த ஒப்புதல்தான். ஊர் படிக்கப்போகும் நூலுக்கு மறுபடியும் கேட்க வேண்டும், வேண்டாம் என்று சொல்பவரின் பகுதியை எடுத்துவிடவும் வேண்டும்.

தை மாதம் இங்கு வருவதாக எழுதியிருக்கிறாய். முடிந்தால் மாணவியையும் வரைவோடு அழைத்துக்கொண்டு வா. எங்கள் குழுவில் முன்பு பின்னலாடை ஆலையில் வேலை பார்த்த இருவர் இருக்கிறார்கள், படித்துக்காட்டினால் நேரம் ஒதுக்கிக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். வரும் தேதியை முன்கூட்டியே எழுது.

என்றும் அன்புடன்,
உன் தோழி